தொண்ணூற்றாறு துளைகள்

ஔலு நகரில் மார்ச் மாதம்.
பட்டறைக் கதவைப் பனி இன்னும் விடவில்லை.

இர்மெலி பழைய மேசைப் பலகையைத் தூக்கி நிறுத்தினாள்.
நடுத் துளைகள் வாய் பிளந்து
கவ்வியின் காலைப் பிடித்து நிறுத்தாதவை.
மூலையில் இருந்தவை
ஒரு நாளும் யாரும் வேலைக்குக் கூப்பிடாமல்
வாங்கியபடியே வட்டமாய்.

"அடுப்புக்கா?" என்றான் ரௌனோ.
"முழுக்கப் பசை. நெஞ்சை அடைக்கும்."

மூலைகளை அறுத்தாள்,
ஒன்று துளையிடும் எந்திரத்துக்கு அடியில் போனது.
நடுவை, ரம்பத் தழும்புகளோடு,
தெற்குச் சன்னலின் குறுக்கே திருகி
உளிகளைச் சொருகினாள்.
பாதித் துளைகள் மிச்சம்.

மூன்று மணிக்குத் தாழ்ந்த வெயில்.
புதுப் பலகைமேல்
நீள்வட்டமாய் ஒளி,
வரிசை வரிசையாய்ச் சாய்ந்து.

ரௌனோ கையிலிருந்த கவ்வியை
அதிலொன்றில் இறக்கப் பார்த்தான்.
டக்.

இர்மெலி பென்சிலைத் தேடி எடுப்பதற்குள்
துளை
ஓரங்குலம் தள்ளிப் போயிருந்தது.