காற்றில்லாத இடத்துக்கு ஒரு மூக்கு

பதினேழாம் பாகம் ஒளிபரப்பான வாரம்
குஷிரோவிலிருந்து ஒரு தபால் அட்டை.
நுகாதா ஜுன்பெய், ஐந்தாம் வகுப்பு.
பென்சிலை அழுத்தி எழுதியிருந்தான்:
"நிலாவில் காற்று கிடையாது.
அப்படியென்றால் நிலா ரயிலுக்கு
எதற்கு அவ்வளவு நீள மூக்கு?"

ஸ்டூடியோவில் எல்லோரும் சிரித்தோம்.
பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.
மூக்கை வடிவமைத்த உகாய்
சிகரெட்டை மீன் டப்பாவில் நசுக்கிவிட்டு
சன்னலோரம் போய் நின்றார்.

பதில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.
நான் இடைப்படம் வரைபவள்.
அவர்கள் போடும் இரண்டு நிலைகளுக்கு நடுவே
நகர்வை நிரப்புபவள்,
விநாடிக்கு எட்டுத் தாள்.
அந்த வளைவை நாலாயிரம் முறையாவது இழுத்திருப்பேன்.
ஏன் என்று மணிக்கட்டுக்குத் தெரிந்திருக்கலாம்.
எனக்குத் தெரியாது.

முதல் பதில்: நிலாவில் கொஞ்சம் தூசு உண்டு.
சமாளிப்பு. கிழித்தேன்.

இரண்டாவது, உகாய் சொல்லச் சொல்ல எழுதியது.
அவர் பிறந்த சமயம் நீராவி எஞ்சினுக்கே
வழவழவென்று தகரச் சட்டை மாட்டினார்களாம்.
அது ஓடிய வேகத்துக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை.
ஆனாலும் ஊரெல்லாம் அதே பேச்சு,
வாரிய தலைக்கு, இஸ்திரிப் பெட்டிக்கு,
பிடி கொடுக்காமல் பேசும் மாப்பிள்ளைக்கு.
போர் வந்தது. பழுது பார்க்க இடைஞ்சல் என்று
சட்டையைக் கழற்றினார்கள்.
உள்ளே அதே பழைய கொதிகலன்,
வியர்த்துக்கொண்டு.
"இதைப் பையனுக்கு அனுப்பாதே" என்றார், "வருத்தப்படுவான்."
மாட்டியதற்கா, கழற்றியதற்கா, நான் கேட்கவில்லை.

இரவு பதினொன்றே முக்கால். செய்பு பாதை.
என் மஞ்சள் ரயிலுக்கு மூக்கு கிடையாது.
சோற்று டப்பாவுக்குச் சக்கரம் வைத்த மாதிரி
காற்றை முட்டித் தள்ளிக்கொண்டு வரும்.
நெரிமாவில் முதலில் இறங்குவது அந்தக் காற்றுதான்.
அன்று அது என் கையிலிருந்த அட்டையைப் பறித்துத்
தண்டவாளத்தில் போட்டது.
தொப்பி தொலைப்பவர்களுக்காக வைத்திருக்கும்
நீளக் கவ்வுகோலால்
நிலைய ஊழியர் எடுத்துக் கொடுத்தார்.
கிரீஸ் கறை, 'மூக்கு' என்ற சொல்லின் மேலேயே.

அறைக்கு வந்து, கோட்டைக் கழற்றாமல் எழுதினேன்:
"ஜுன்பெய், நீ சொல்வது சரி.
மூக்கு தேவையில்லை.
ஆனால் எங்கள் ரயில் நிற்கும்போதும்
போய்க்கொண்டிருப்பதாகத் தெரிய வேண்டும்.
எங்களிடம் பணம் குறைவு. பாதி நேரம்
ஓடுவது பின்னணித் தாள்தான், ரயில் அல்ல."
தயாரிப்பாளர் பார்த்திருந்தால் வேலை போயிருக்கும்.
விடிவதற்குள் பெட்டியில் போட்டுவிட்டேன்.

பன்னிரண்டு நாளில் ஓர் உறை. உள்ளே ஒரு படம்.
தட்டை முகமுள்ள ரயில், முகம் முழுக்கச் சன்னல்.
"காற்று இல்லாததால் முன்னாலும் உட்காரலாம்"
என்று அம்புக்குறி போட்டிருந்தான்.
கூரை மேல் கொடி கட்டி
சட்டை, கால்சட்டை, ஒரு போர்வை.
எதுவும் பறக்கவில்லை.

உகாய் அதை வெகுநேரம் பார்த்தார்.
பிறகு ஒன்றும் சொல்லாமல் விளக்கு மேசையில் வைத்தார்.

இருபத்து நான்காம் பாகம், நூற்றுப் பன்னிரண்டாம் காட்சி,
தூரத்துப் பக்கப் பாதையில் இரண்டு விநாடி
தட்டை முகத்தோடு ஒரு ரயில் நிற்கும்.
எங்கள் நீள மூக்கு அதைத் தாண்டிப் பாயும்போது
கொடியில் துணி அசையாது.
எட்டுத் தாளையும் புரட்டிப் புரட்டி
அதைச் சரிபார்த்தவள் நான்.