264 பாகை

ஜேக்கப்ஸில் கேம் கடைகிறவன் பெயர் ம்தோகோசிஸி.
போனில் விலை சொல்லமாட்டான்.
ஒரு தாள் அனுப்பினான்: நிரப்பிக் கொடு, அப்புறம் பேசலாம்.

வண்டி: டட்சன் பக்கி, ஆயிரத்து நானூறு.
கார்புரேட்டர்: பழைய ஹிட்டாச்சி, இரண்டு தொண்டை,
இரண்டாவது திறப்பது ஏற்றத்தில் மட்டும்.
எடை: காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.
காலையில் இருபத்தாறு பாக்கெட் உருளைக்கிழங்கு,
மேலே ஈரச் சாக்கில் கொத்தமல்லி.
மாலையில் நானும் காலிக் கூடைகளும்.

கடைசிக் கேள்வியில் பேனா நின்றது:
எஞ்சின் அதிகம் ஓடுவது எந்தச் சுற்றில்?

ஆறாயிரம் என்று எழுதினேன்.
எழுதும்போதே பூபாலன் நினைவு.
அவன் வண்டியில் முந்நூறு பாகைக் கேம்.
ரோபோவில் நின்றால் தெருவே திரும்பும்,
தடக், தடதடக், ஒரு மூச்சு தவறி, மறுபடி தடக்,
பந்தியில் இடம் கிடைக்காத மேளக்காரன் வாசிப்பது மாதிரி.
அந்தச் சத்தம் எனக்கும் வேண்டும்.
வேறு காரணம் இல்லை.
ஐம்பத்தொரு வயதில் இதைச் சொல்லக் கூச்சமும் இல்லை.

ஆனாலும் தாளை அனுப்பவில்லை.
அளவைப் பொய்யாகச் சொல்லி வாங்கிய செருப்பு
யார் காலைக் கடிக்கும்?

பூபாலனிடமே டேக்கோமீட்டர் இரவல் வாங்கி
ஸ்டியரிங்குக்கு மேல் கம்பியால் கட்டினேன்.
பக்கத்தில் அவன் தங்கை தையல்நாயகி,
தக்காளிப் பெட்டியின் அட்டை மூடியும் பென்சிலுமாக.
நான் "இப்போ" என்னும்போதெல்லாம்
முள் நிற்கும் இடத்தில் ஒரு புள்ளி.

நாலு மணி, ஹிக்கின்சன் சாலை, இருட்டு: மூவாயிரம்.
கிளேர்வுட் சந்தை வாசலில், லாரிகளுக்குப் பின்னால்:
தொள்ளாயிரம், தொள்ளாயிரம், தொள்ளாயிரம்.
ஃபீல்ட்ஸ் ஹில், பாரத்தோடு, இரண்டாம் கியர்:
பெடல் தரையோடு தரையாக
இரண்டாயிரத்து நானூறில் தவிக்கிறது முள்.
பைன்டவுனில் ஏழு கடை,
ஏழு முறை நிறுத்தி ஏழு முறை கிளம்பி.
திரும்பும்போது யாரோ ஹாரன் அடித்ததில்
கோபம் வந்து மிதித்தேன்: நாலாயிரத்து எண்ணூறு.
"இதையும் எழுதட்டுமா?" என்றாள்.
எழுது. நானே மிதித்தது.

மாலையில் அட்டையைப் பார்த்தேன்.
இரண்டுக்கும் மூன்றரைக்கும் நடுவே
வெல்லத்தை மொய்த்த எறும்பாகப் புள்ளிகள்.
ஆறாயிரத்தின் பக்கம்
ஒரு தக்காளிக் கறை.

முந்நூறு பாகையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.
போகிற புகைக்கும் வருகிற காற்றுக்கும்
இரண்டு கதவும் ஒருசேரத் திறந்து கிடக்கும்.
வேகத்தில் அது நல்லது,
போகிறவன் வருகிறவனைக் கைபிடித்து இழுத்துவிடுவான்.
மெதுவில் இருவரும் முட்டிக்கொள்வார்கள்,
புகை திரும்பி வந்து கார்புரேட்டரில் தும்மும்.
என் பிழைப்போ மெதுவில்.
பாதி நாள் லாரிக்குப் பின்னால்.

ஆறாயிரத்தை அடித்துவிட்டு
"2,400, ஏற்றத்தில்" என்று எழுதி அனுப்பினேன்.
உடனே கூப்பிட்டான். சிரிக்கவில்லை.
"இருநூற்று அறுபத்து நான்கு போதும், மா.
வால்வு ஸ்பிரிங்கும் பழசே இருக்கட்டும்.
ஆனால் அந்தச் சத்தம் வராது."
கொஞ்சம்கூடவா?
"கொஞ்சம்கூட."

சனிக்கிழமை ரேடியேட்டரைக் கழற்றி வைத்து,
மேடுகளில் கறுப்புப் பசையை விரலால் தடவி,
செயின் புள்ளிக்குப் புள்ளி பார்த்துப் பூட்டினேன்.
முதல் இருபது நிமிடம் இரண்டாயிரத்துக்குக் கீழே விடக்கூடாது,
விட்டால் இரும்பே இரும்பைத் தின்றுவிடும்.
தையல்நாயகி பெடலை மிதித்தபடி
பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.
வேலிக்கு மேல் தலை நீட்டிய பூபாலன்
"மாத்தியாச்சா, இன்னும் மாத்தலையா?" என்றான்.

திங்கட்கிழமை ஃபீல்ட்ஸ் ஹில்லில்
மூன்றாம் கியர்.
முழுப் பாரம், மூன்றாம் கியர்.
சொல்ல பக்கத்தில் ஆள் இல்லை,
கொத்தமல்லியிடம் சொன்னேன்.

சாயங்காலம் டேக்கோமீட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
வாசலில் அவன் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.
தடக், தடதடக்.
கொடுத்த டீ ஆறும்வரை
கதவில் கைவைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.