முழங்கால் உயரத்தில்

முதல் மூட்டத்தைச்
சேவல் கூவினால் கேட்கும் தூரத்தில் போட்டேன்.
இப்போது மூட்டத்துக்குப் போய்ச் சேர்வதற்குள்
முதுகில் கட்டிய குழந்தை
இரண்டு முறை தூங்கி எழுகிறது.
மபலானேயில் தூரத்தை அளக்க
யாரும் மைல்கல் தேடுவதில்லை.
மரம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் போதும்.

சனாட்சி மரம் நிழல் தருவதில் கஞ்சம்.
உச்சிவெயிலில் இரட்டை இலைகளை மடக்கிக்கொண்டு
சூரியனுக்கு விளிம்பை மட்டும் காட்டும்.
அதன் அடியில் உட்கார்ந்தவள்
வெயிலில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.
எரிவதில் மட்டும் தாராளம்.
மெல்ல, நின்று, வாசனையாக எரியும்.
மாப்புட்டோவின் அடுப்புகளுக்கு
வேறு மரத்தின் பெயர் தெரியாது.

கட்டைகளை அடுக்கிப்
புல் பரப்பி மண் போர்த்தி
ஒரு முனையில் நெருப்பு வைத்தபின்
பன்னிரண்டு நாள்
அது நோயாளி, நான் காவல்.
வெள்ளைப் புகை என்றால் இன்னும் தண்ணீர் விடுகிறது.
நீலம் என்றால் நெருங்கிவிட்டது.
எங்காவது மண் வெடித்துக் காற்று புகுந்தால்
விடிவதற்குள் அத்தனையும் சாம்பல்.
போன ஜூலையில் கண்ணசந்தேன், அரைமணி நேரம்.
பதினேழு சாக்கு.

உரிமச்சீட்டு லாரிக்காரர் ஃபபியாவின் சட்டைப்பையில்.
கோடரி என் கையில்.
அல்சீராவின் கணவனும் என்னுடையவனும்
ஒரே நாளில் எல்லை தாண்டிச்
சுரங்கத்துக்குள் இறங்கினார்கள்.
அவள் கணவனிடமிருந்து மாதாமாதம் பணம் வருகிறது.
என்னுடையவனிடமிருந்து ஒரு போர்வை வந்தது, ஒருமுறை.

வெட்டிய இடம் வழியாக நடக்கும்போது
கால் தானாகக் கணக்குப் பார்க்கிறது.
இந்தக் கட்டை செலீனாவின் சீருடை.
அடுத்தது கைபம்புக்கு எங்கள் வீட்டுப் பங்கு.
ஓடையருகே சேர்ந்து நிற்கும் மூன்றும்
ஒரு பிரசவம், இரவில் பிடித்த வண்டி.
அதோ அந்தப் பெரியது,
இரண்டு பேர் கைகோத்தாலும் எட்டாத அடி,
அது எதற்கு என்று மறந்துவிட்டது.
அந்த ஒன்றுதான் உறுத்துகிறது.

தரையோடு வெட்டினால் ஒரு துண்டு கூடும்.
நான் முழங்கால் உயரத்தில் நிறுத்துவேன்.
மழை பெய்தால் அந்தக் கட்டையிலிருந்து
பத்து, பதினைந்து கொழுந்து கிளம்பும்.
ஆட்டுக்கு அது தெரியும்.
மாடுகள் வறட்சியில் செத்தபின்
ஊரில் எல்லாரும் ஆடுதான் வாங்கினோம்.
எனக்கு ஒன்பது.

தொப்பி போட்ட பையன் ஒருவன் நாடாவோடு வந்தான்.
நான்கு மூலையிலும் குச்சி நட்டுக் கயிறு கட்டி
ஒவ்வொரு கட்டையாகக் கேட்டான்:
உயிர் இருக்கிறதா, இல்லையா?
நகத்தால் பட்டையைக் கீறிக் காட்டினேன். பச்சை.
ஆம் என்று எழுதினான்.
ஆடு மேய்ந்து மேய்ந்து
ஐந்து வருடமாக ஒரே உயரத்தில் நிற்கும் புதரைக் காட்டினேன்.
அதற்கும் ஆம் என்றுதான் எழுதினான்.
அவனுடைய தாளில் மூன்றாவது கட்டம் இல்லை.
யாருடைய ஆடு என்று கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

டிசம்பரில் புழு இறங்கியது.
முன்பெல்லாம் கிளையை வளைக்கத் தடி வேண்டும்.
இந்த முறை செலீனாவின் தம்பி
நின்றபடியே பறித்தான், சிரித்துக்கொண்டே,
ஒவ்வொன்றையும் பிதுக்கிப் பச்சையை உதறினான்.
நிறைய என்று சொன்னான்.
அவன் பிறந்து ஆறு வருடம்.
நிறைய என்பது அவனுக்கு அரைக்கூடை.
உப்பில் வேகவைத்துக் காயப்போட்டேன்,
பாதி விற்கலாம் என்று.
தின்றுவிட்டோம்.

அல்சீரா கேட்கிறாள்,
இனி எந்தத் திசை?
வடக்கே நல்ல அடி இருக்கிறது.
பக்கத்து ஊர்த் தலைவர் காசு கேட்பார்.
நடை இன்னும் ஒரு தூக்கம் கூடும்.
போகாவிட்டால்
ஜனவரியில் பள்ளி திறக்கிறது.

பேசிக்கொண்டே இருந்துவிட்டேன்.
பார், மேற்குப் பக்கம் மண் விரிகிறது,
உள்ளே சிவப்பாக ஏதோ.
அந்த மண்வாரியை எடு.