வேக வரம்பு ஐம்பது

தார்ச்சாலை தண்ணீருக்குள் இறங்கிப்போகும் இடத்தில்
காரை நிறுத்தினாள் உர்வே.
சற்றுத் தள்ளி, இடுப்பளவு வெள்ளத்தில்,
வட்டப் பலகை ஒன்று
ஐம்பதுக்கு மேல் போகாதே என்று
யாருக்கோ இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது.

நமக்குப் பருவம் ஆறு.
எஸ்தோனியாவின் இந்தச் சதுப்புக்காட்டில் ஐந்து.
பனி உருகி, ஆறுகள் கரையை மறந்து,
வயலும் காடும் ஒரே தட்டாகிவிடும் சில நாட்களுக்கு
வேறு பெயர் அகப்படாமல்
ஐந்தாவது என்றே வைத்துவிட்டார்கள்.

"யாரோடு போகிறாய்?" என்றாள் தங்கை மாரெட்.
"துடுப்போடு."
மேலே கேட்டிருந்தால்
இவளிடம் பதில் இல்லை.

பச்சைக் கனூ, பின்பக்கம் ஒரு ஒட்டு.
கூடாரம். கறுப்பு ரொட்டி. டப்பா மீன்.
உலர்ந்த காலுறை மூன்று ஜோடி;
அவற்றை மட்டும் இரண்டு பைக்குள் இட்டுக் கட்டினாள்,
நகை வைப்பதுபோல.

நீரின்மேல் ராத்திரி உறைந்த மெல்லிய தகடு.
படகின் மூக்கு பட்டதும்
அப்பளம் நொறுங்கும் சத்தம்.
குனிந்தால், போன வருடத்துப் புல்
ஒரே பக்கமாய்த் தலைவாரிக் கிடக்கிறது.
வேலிக்கம்பியின் மேலாகப் போகையில்
மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள்,
படகு லேசாகிவிடும் என்பதுபோல.
கம்பி ஒருமுறை உரசியது. பிறகு விட்டது.

விரல்கள் முதலில் வலித்தன.
அப்புறம் வலிப்பதை நிறுத்தின.
நிறுத்தியபோதுதான் பயந்தாள்.
கைகளை அக்குளில் செருகி உட்கார்ந்திருந்தாள் வெகுநேரம்.
படகு தன்பாட்டுக்கு
மரங்களுக்கிடையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

மாலையில் கிடைத்த தரை
நான்கு பாய் விரிக்கலாம், அவ்வளவுதான்.
மூன்று பிர்ச் மரங்கள்.
ஒரு முயல்.

ஓடவில்லை அது. ஓட இடமில்லை.
பாதி வெள்ளை, பாதி பழுப்பு,
குளிர்கால ரோமம் இன்னும் முழுக்க உதிரவில்லை.
அந்தக் கோடியில் அது, இந்தக் கோடியில் இவள்,
நடுவில், இருப்பதிலேயே மேடான இடத்தில்,
கூடாரம்.

அடுப்பு பற்றவில்லை.
வாயு உருளையைச் சட்டைக்குள் விட்டு
வயிற்றோடு அணைத்துக்கொண்டாள் இருபது நிமிடம்.
பிறகு நீலமாய் ஒரு சுடர், மனசில்லாமல்.

நீர் விளிம்பில் குச்சி ஒன்று நட்டாள்.
பத்து மணிக்குத் தண்ணீர் குச்சியின் காலடியில்.
ஒரு மணிக்கு ஒரு விரற்கடை.
மூன்று மணிக்கு நான்கு.
நெற்றி விளக்கைத் திருப்பினால்
இரண்டு கண்கள்,
முன்னைவிட இந்தப் பக்கம்.

"என்ன செய்யலாம் என்று பார்க்கிறேன்" என்றாள்.
அன்றைக்கு வாய்விட்டுப் பேசிய முதல் வார்த்தை.
பார்னு நகரத்துக் குடிநீர் அலுவலகத்தில்
புகார் சன்னலுக்குப் பின்னாலிருந்து
பத்தொன்பது வருடமாய்ச் சொல்கிற அதே குரல்.

கூடாரத்தைப் பிடுங்கிச் சுருட்டினாள்.
படகைப் பிர்ச் மரத்தில் இறுகக் கட்டி
தூங்குபையோடு அதற்குள் படுத்தாள்.
கருணை என்று எழுதிவிடாதீர்கள்.
கூடாரத்தின் ஒரு மூலை ஏற்கெனவே ஈரம்,
படகு எப்படியும் மிதக்கும்.
ஆனால் மேட்டிலிருந்து இறங்கும்போது
முயலைச் சுற்றி, ஓரமாக, நீரில் கால் வைத்தே
இறங்கினாள் என்பதும் உண்மை.

விடியலில் எங்கோ
துருப்பிடித்த கதவுகளைத் திறந்ததுபோல் கொக்குகள் கத்தின.
தூங்குபையின்மேல் உப்புத் தூவினாற்போல் உறைபனி.
கூடாரம் இருந்த சதுரத்தில்,
இவள் உடம்புச் சூடு பட்ட இடத்தில்,
முயல் உட்கார்ந்து பட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது.
குச்சியைக் காணோம்.

இவள் அவிழ்த்த கயிற்றின் சத்தத்துக்கு
ஒரு காது மட்டும் திரும்பியது.

வட்டப் பலகையைத் தாண்டும்போது
துடுப்பைத் தூக்கிக்கொண்டாள். பழக்கம்.
காரின் முன்சக்கரத்தை
வெள்ளம் நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.
கைப்பேசியில் மாரெட்டின் ஏழு அழைப்புகள்.

எட்டாவது வந்தபோது
மூன்றாம் ஜோடிக் காலுறையில்
ஒரு கால் நுழைந்திருந்தது.
மற்றதையும் மாட்டிக்கொண்டுதான் எடுத்தாள்.