மூன்று எருமைகளும் சில தலைப்பிரட்டைகளும்

காபி வைத்திருக்கிறேன், பாயுங்.
ஆறட்டும், சூடாக நீ குடித்ததேயில்லை.
இரண்டு வருஷம் நாலு மாதமாக
உனக்குக் காய்ச்சல்.
தெற்கு அறையில், மேற்கே தலை வைத்து,
பட்டுச் சுற்றிப் படுத்திருக்கிறாய்.
அந்த இன்னொரு சொல்லை
இந்த வீட்டில் யாரும் இன்னும் சொல்லவில்லை.

கேட்கிறதா?
நெற்களஞ்சியத்தின் அடியில் லின்திங் உளி தட்டுகிறான்.
முகப்புப் பலகை.
முதலில் முழுக்கக் கரி பூசிவிட்டான்.
கறுப்பைக் கீறக் கீற
உள்ளிருந்து மரத்தின் உடம்பு தெரிகிறது.
கீறிய இடத்தில் செம்மண், மஞ்சள்மண், சுண்ணாம்பு.
சிவப்பு ரத்தம், வெள்ளை எலும்பு என்றான்.
மஞ்சளுக்கு நீளமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்,
அதற்குள் சோறு அடிப்பிடித்துவிட்டது.
நிறம் குழைக்கப் புளித்த கள் கேட்கிறான்.
பாதி பலகைக்குப் போகிறது.

உச்சியில் சூரியன். அதன்மேல் சேவல்.
வழக்கு வந்தால் யார் பக்கம் நியாயம் என்று
அது கூவிச் சொல்லிவிடுமாம்.
கீழே எருமை முகங்கள்,
நேராக நம்மையே பார்ப்பவை,
உன்னை அந்தப் பக்கம் சுமந்து போக வேண்டியவை.

“எத்தனை முகம்?” என்றான் லின்திங்.
“எட்டு,” என்றான் உன் தம்பி சம்பே,
தரகனைப் போலக் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டு.
கொட்டிலில் நிற்பது மூன்று.
“மரத்து எருமை புல் தின்னுமா அண்ணி,
அதற்கென்ன கஞ்சம்?”

மரத்து எருமையும் தின்னும் சம்பே.
விருந்துக்கு வருகிறவர்கள் பலகையை எண்ணுவார்கள்,
பிறகு முற்றத்தை எண்ணுவார்கள்,
பிறகு என் முகத்தைப் பார்ப்பார்கள்.
அந்த நோட்டு என்னிடம்தானே இருக்கிறது:
உன் அப்பாவுக்கு யார் யார் எருமை ஓட்டி வந்தார்கள்,
கொம்பு எத்தனை சாண்,
திருப்பிக் கொடுத்தது எது, கொடுக்காதது எது.
நம் பக்கத்தில் சிவப்பு மைதான் அதிகம்.

ஒன்று சொல்ல வேண்டும் உன்னிடம்.
புள்ளிக்கன்று ஞாபகமிருக்கிறதா,
ஒரு கண் நீலமாக, மூக்கு இளஞ்சிவப்பாக,
நீ ஆற்றில் இறக்கி, காதுக்குள் விரல் விட்டுத் தேய்ப்பாயே.
வளர்ந்திருந்தால் ஒரு காரின் விலை.
விற்றுவிட்டேன்.
மக்காசாரில் நம் மகள் ரெபானுக்கு
நர்ஸ் படிப்பின் மூன்றாம் வருஷப் பணம் கட்ட வேண்டியிருந்தது.
அன்று காலை இதே இடத்தில் நின்று
உன்னிடம் கேட்டேன்.
நீ வேண்டாம் என்று சொல்லவில்லை.
அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டேன்.
சம்பேக்குத் தெரியாது.
கன்று களவு போயிற்று என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நேற்று மத்தியானம் சம்பே சந்தைக்குப் போனதும்
லின்திங்கிடம் போய் நின்றேன்.
மூன்று முகம் போதும்.
மிச்ச இடத்தில் தலைப்பிரட்டைகள் செதுக்கு.
அவன் சிரித்தான்.
வயல் தண்ணீரில் மொய்க்கும் அற்பப் பிராணி,
அதற்கும் ஒரு கோலம் உண்டுதான்,
பிள்ளைகுட்டி பெருகட்டும் என்று போடுவது,
ஆனால் எருமைக்குப் பக்கத்திலா?
தலையும் வாலுமாக ஒன்றைக் கீறிக் காட்டினான்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
கால் இனிமேல்தான் முளைக்க வேண்டும்,
இப்போதே எங்கோ அவசரமாகப் போகிறது,
அச்சு அசல் ரெபான்.

சாயங்காலம் கடைசியாகச் சேவலுக்கு வந்தான்.
“அலகு திறந்திருக்கட்டுமா, மூடியா?”
என் வயிற்றில் என்னவோ புரண்டது.
மூடிவிடு என்று சொல்ல வாயெடுத்தேன்.
உளியைத் துடைத்தபடி காத்திருந்தான்,
அவனுக்கும் தெரியுமோ என்னவோ,
கன்றை ஏற்றிய லாரி அவன் வீட்டு வழியாகத்தான் போனது.
“திற,” என்றேன்.
“கூவட்டும். ஆனால் வெளிப்பக்கம் பார்த்து வேண்டாம்,
இந்த அறையைப் பார்த்துத் திருப்பி வை.”

காபியில் எறும்பு.
இரு, வேறு கொண்டுவருகிறேன்.
ரெபான் போன் செய்தாள்,
ஆகஸ்டில்தான் லீவாம்.
அவள் வந்து சேரட்டும்,
மூன்று எருமையையும் முற்றத்தில் கட்டுவோம்,
சம்பே கத்தட்டும்,
அப்புறம் நீ செத்துப்போகலாம்.

அதுவரை
காய்ச்சலாகவே இரு.