காரணம் என்ற கட்டம்

ஹோர்சன்ஸ் நகரில் டிசம்பரில்
மூன்றரை மணிக்கே இருட்டு.
காற்றாலைக்குப் பல்சக்கரம் செய்யும் கம்பெனி.
நான் சக்கரத்தைத் தொட்டதில்லை,
அதன் பெயரையும் எண்ணையும் தொடுகிறேன்.

போல்ட் விற்கும் ஒருவருக்கு எங்களிடம் இரண்டு எண்கள்.
ஒன்றில் ஊர்ப்பெயர் பழைய எழுத்தில்,
மற்றதில் புதிய எழுத்தில்.
சிஸ்டத்துக்கு அது இரண்டு ஆள்.
போன மாதம் ஒரே பில்லுக்கு
இரண்டு ஆளுக்கும் பணம் போனது.
ஒன்றைத் திருப்பி அனுப்பினார்,
வங்கிக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு.

"ஒன்றாக்கிவிடு, ஸோல்வை" என்றார் தோர்கில்.
எந்த எண் பிழைக்கும், எது மாளும்?
மாற்றப் பதிவைத் திறந்தேன்.

பழைய மதிப்பு: கெல்கோரும் மகனும்.
புதிய மதிப்பு: கெல்கோர்.

நாள் உண்டு, நொடி உண்டு,
மாற்றியவரின் குறியீடும் உண்டு
(வேலையை விட்டுப் போய்விட்டார்).
காரணம் என்ற கட்டம் மட்டும்
கழுவிக் கவிழ்த்த பாத்திரம்.

ஓர் 'உம்'மைப் பிடித்துத்
தொங்கிக்கொண்டிருந்தவன்
எங்கே விழுந்தான்?

மதியம் ரொட்டி இறங்கவில்லை.
கேட்கக்கூடாததை மூன்று விதமாய்
எழுதிப் பார்த்துவிட்டு போன் செய்தேன்.

"யார், த்ரோல்ஸா?
கிரீன்லாந்தில் சமையல்காரன். பெருத்துவிட்டான்.
புயலில் பெயர்ப்பலகையின் பாதி எழுத்து போய்விட்டது,
திரும்ப ஒட்ட அநியாயக் கூலி கேட்டான்.
மிச்சமிருந்ததையே
பில்லிலும் அச்சடித்துவிட்டேன்."

இரண்டு எண்ணையும் ஒன்றாக்கினேன்.
காரணம் கேட்டது சிஸ்டம்.
காற்று, என்று தட்டினேன்.
ஏற்றுக்கொண்டது.

அடியில் என் பெயர், 15.42.
இனி நானே நினைத்தாலும்
அழிக்க முடியாது.