நாலு இருபது

டோனாவூர் விலக்கில் புளியமரம் சாய்ந்து
கேபிள் அறுந்து இன்றோடு நாலு நாள்.
மாவடி கூட்டுறவுச் சங்கத்தில்
கம்ப்யூட்டர் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.
கறுப்புத் திரை, மேல்மூலையில் ஒரு வெள்ளைக் கோடு
மினுக்கி மினுக்கி நிற்கிறது,
கதவைத் தட்டிவிட்டு யாரும் திறக்காமல் நிற்பவனைப் போல.

"நெட்டு கெடையாது, பாத்துக்கிடுங்க"
என்று செயலாளர் நம்பிராஜன் போனிலேயே சொல்லியிருந்தார்.
"நெட்டு இல்லாம முடியுமா?"
வள்ளியூரில் முந்தின ராத்திரியே
பென்டிரைவில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன்.
வண்டிச் சாவிக்கும் பீரோச் சாவிக்கும் நடுவே
ஒரு முழு வீட்டைக் கட்டும் சாமான்
தொங்கிக்கொண்டு வந்தது, மழையில்.

எஃப் பன்னிரண்டை அடிக்க வேண்டும்,
கம்பெனிப் பெயர் தோன்றி மறைவதற்குள்.
முதல் தடவை பிந்திவிட்டேன்.
இரண்டாம் தடவை விசையே அமுங்கவில்லை,
அடியில் பொரிகடலை.
நம்பிராஜன் வேறெங்கோ பார்த்தார்.
கவிழ்த்துத் தட்டி, ஊதி,
மூன்றாம் தடவை கேட்டது:
எதிலிருந்து எழட்டும்?

பெஞ்சில் மாடத்தி காலையிலிருந்து இருக்கிறாள்.
மடியில் மஞ்சப்பை, பைக்குள் பணம்.
மூணு பவுன் சங்கிலியைத் திருப்ப வேண்டும்,
ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு நிச்சயம்.
"நகை பொட்டிக்குள்ள பத்திரமாத்தான் இருக்கு,
கணக்குதான் இதுக்குள்ள மாட்டிக்கிட்டு"
என்றார் நம்பிராஜன், பத்தாவது தடவையாக.

மொழி கேட்டது. கீழே கீழே இறங்கித்
தமிழைத் தொட்டேன்.
"ஐயோ, இங்கிலீசே கெடக்கட்டும்,
தமிழ்ல போட்டா எனக்கு ஒண்ணும் வெளங்காது."
இணையத்தோடு இணைக்கவா? இல்லை.
புதியவற்றை இறக்கவா? இல்லை.
இல்லை, இல்லை என்றே முன்னேறுகிற வேலை இது.

பிறகு அந்தத் திரை.
வட்டு இரண்டாகப் பிரிந்து கிடந்தது
வரப்பு போட்ட வாழைத்தோட்டம் மாதிரி.
ஒன்றில் செத்துப்போனது. மற்றதில்
நானூற்றுப் பன்னிரண்டு பேரின் நகைக்கடன்.
இரண்டுக்கும் பெயரில்லை, எண் மட்டும்.
அளவும் கிட்டத்தட்ட ஒன்று.
அழிக்கவா என்று ஒரே ஒரு தடவைதான் கேட்கும்.
மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.
துப்பட்டாவில் துடைத்தேன்.
திரும்பிப் போய், பென்டிரைவிலேயே ஓடும்
அந்தக் கடன்வாங்கிய உலகத்தில் நின்று
இரண்டையும் திறந்து பார்த்தேன்.
மாடத்தியின் பெயர், ஓர் எழுத்துக் குறைந்து,
இரண்டாவதில் இருந்தது.

முதலாவதை அழி.

அறுபத்துமூன்று சதத்தில் கரண்ட் போயிற்று.
யூபிஎஸ் கத்தத் தொடங்கியது.
அதன் பேட்டரிக்கு ஆறு வயசு.
அறுபத்தெட்டு.
எழுபத்தொன்று.
ஆஸ்பெஸ்டாஸ் மேல் மழை.
எண்பதில் நம்பிராஜன் எழுந்துபோய்
ஏற்கெனவே நின்றிருந்த மின்விசிறியை அணைத்தார்.
தொண்ணூற்றாறில் கரண்ட் வந்தது.
பென்டிரைவைப் பிடுங்கினேன்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் விரல்போலச் சூடு.

எழுந்தது. மூலையில் தேதி:
2012, ஜனவரி 1.
உள்ளே பொத்தான் பேட்டரி செத்து எத்தனை காலமோ.
நெட் இருந்தால் யாரிடமாவது கேட்டுத்
தானே திருத்திக்கொள்ளும்.

மாடத்தி எட்டிப் பார்த்தாள்.
"பன்னெண்டா? அப்ப நான் இன்னும் அடகே வைக்கலல்லா?
வட்டி எப்படிப் போடுவீரு?"
நம்பிராஜன் சிரிக்கவில்லை. பிறகு சிரித்தார்.
சிரிப்பு அடங்குமுன் அவளே சொன்னாள்:
"அவிய இருந்த வருசம்லா அது."

யூபிஎஸ் இன்னும் ஒரு தடவை கத்தி ஓய்ந்தது.

தேதியை உரக்கடைக் காலண்டரில் பார்த்தோம்.
மணி?
நம்பிராஜனின் கடிகாரம் பத்து நிமிஷம் முந்தும்,
எவ்வளவு முந்தும் என்பதிலும் அவருக்குச் சந்தேகம்.
என் போன் நனைந்து அணைந்திருந்தது.
ரோட்டில் ஏர்வாடி மினிபஸ் ஹாரன் அடித்துத் திரும்பியது.

"நாலு இருவது" என்றாள் மாடத்தி,
பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே.

அதையே அடித்தேன்.
சரி என்று எடுத்துக்கொண்டது.